பெயர் வைக்க மன்றம், எண் வைக்க யார்?

சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டிடத்தின் எண் 102. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் எண் 116. அதே சாலையில், அதே 600002 அஞ்சல் எல்லைக்குள், ஸ்பென்சர் பிளாசாவின் எண் 769. 'தி இந்து' நாளிதழ் பல்லாண்டுகளாக அச்சிட்டுவந்த முகவரியோ 859, 860. இந்த எண்களை நம்பி ஊருக்குப் புதிதாக வந்தவர் கிளம்பினால், 116க்கும் 859க்கும் நடுவே எழுநூறு கட்டிடங்களாவது இருக்கும் என்றுதான் நினைப்பார். உண்மையில் இவை எல்லாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

காரணம் எளிது. ஹிக்கின்பாதம்ஸ் முன்பு 814ஆம் எண்ணில் இருந்தது. மாநகராட்சி எண்களை மாற்றியபோது அந்தக் கடை புதிய வரிசைக்கு வந்துவிட்டது. வேறு பலர் பழைய வரிசையிலேயே நின்றுவிட்டார்கள். ஒரே சாலையில் இரண்டு எண்வரிசைகள் அருகருகே ஓடுகின்றன. மாநிலத் தலைநகரின் முதன்மைச் சாலைக்கே இந்த நிலை என்றால், உட்புறத் தெருக்களில் 'ப.எண்', 'பு.எண்' என்று இரண்டையும் எழுதி, அடைப்புக்குறிக்குள் மனை எண்ணையும் சேர்த்து, அதற்குப் பிறகும் 'முருகன் கோயில் அருகில்' என்று முடிக்கும் முகவரிகளைப் பார்த்து வியப்பதற்கு ஒன்றுமில்லை.

முகவரி என்பது குடிமகன் தானாக வைத்துக்கொள்வதல்ல, உள்ளாட்சி அமைப்பு அவருக்குத் தர வேண்டியது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் இதைத் தெளிவாகவே சொன்னது. புதிய பொதுத் தெருவுக்குப் பெயரோ எண்ணோ இடுவது மாநகராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஏற்கெனவே உள்ள பெயரை மாற்ற வேண்டுமானால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். கட்டிடங்களுக்கு எண் இடும் அதிகாரம் ஆணையருக்கு. ஒருமுறை எண் பொருத்தப்பட்டால் அதைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. அழித்தாலோ பெயர்த்தெடுத்தாலோ குற்றம். 1920இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் மற்ற ஊர்களுக்கு ஏறக்குறைய இதே ஏற்பாட்டைத்தான் செய்தது. இந்தச் சட்டங்களின் இடத்தில் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இன்று நாம் எழுதும் முகவரிகளில் பெரும்பாலானவை நூறாண்டுப் பழமையான அந்த ஏற்பாட்டின் விளைவுகள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பிளவு இருக்கிறது. பெயரை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் வைக்கிறது. எண்ணை அதிகாரி வைக்கிறார். பெயருக்குத் தீர்மானம், விவாதம், அரசாணை, திறப்பு விழா எல்லாம் உண்டு. எண்ணுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒரு தெருவின் எண்வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்று மன்றக் கூட்டத்தில் யாரும் மணிக்கணக்கில் வாதிடுவதில்லை. நூறாண்டுகளாக நம் உள்ளாட்சிகள் 'யாருடைய பெயர்' என்ற கேள்விக்குச் செலவிட்ட கவனத்தில் சிறு பங்கைக்கூட 'எந்த வீடு' என்ற கேள்விக்குச் செலவிடவில்லை.

பெயர்களின் கதை செழிப்பானது, அதை மறுப்பதற்கில்லை. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. எட்வர்ட் எலியட்ஸ் சாலை ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. மௌபரீஸ் சாலைக்கு டி.டி.கே. பெயரும், லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் பெயரும், சைனா பஜார் சாலைக்கு நேதாஜியின் பெயரும், பிராட்வேக்குப் பிரகாசத்தின் பெயரும் வந்தன. 2022இல் விருகம்பாக்கத்தில் நடிகர் விவேக் வாழ்ந்த பத்மாவதி நகர்ச் சாலைக்கும், 2025இல் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் வாழ்ந்த சாலைக்கும் அவர்களின் பெயரே சூட்டப்பட்டது. ஆண்டவர்களின் பெயரை எடுத்துவிட்டுத் தன் மொழிக்கும் மண்ணுக்கும் உழைத்தவர்களின் பெயரை ஒரு சமூகம் எழுதிவைப்பது நியாயமான விருப்பம். கலைஞர் ஒருவர் நடந்த தெருவுக்கே அவர் பெயரை வைப்பது அதைவிடவும் பொருத்தமானது.

ஆனால் பெயர் மாறிய பிறகு என்ன நடக்கிறது என்பதை எந்தத் தீர்மானமும் பின்தொடர்வதில்லை. நுங்கம்பாக்கம் ஹை ரோடு உத்தமர் காந்தி சாலையாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்டோக்காரரிடம் காந்தி சாலை என்று சொன்னால் எந்தக் காந்தி சாலை என்று கேட்பார். பழைய மாமல்லபுரம் சாலை அலுவல் பதிவுகளில் ராஜீவ் காந்தி சாலை, பேச்சில் ஓ.எம்.ஆர். பலகை ஒரு பெயரையும், பத்திரம் இன்னொன்றையும், வாய் மூன்றாவதையும் சொல்கின்றன. இந்த மூன்றையும் இணைத்துக் காட்டும் ஒரு பதிவேடு பொதுமக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

பெயரின் மீது யாருக்கு அதிகாரம் என்பதிலும் குழப்பம் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்குப் பெரியார் நூற்றாண்டையொட்டி 1979இல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் வைக்கப்பட்டது. 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் நேரத்தில், அந்தச் சாலையில் நெடுஞ்சாலைத் துறை நிறுத்திய வழிகாட்டிப் பலகைகளில் 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. துறையின் ஏடுகளில் அந்தப் பழைய பெயரே இருந்தது என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். இதை அரசியலாகப் பார்த்தவர்கள் பலர். நிர்வாகமாகப் பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும்: ஒரே தார்ச்சாலைக்கு மாநகராட்சி ஓர் ஏட்டையும் நெடுஞ்சாலைத் துறை இன்னோர் ஏட்டையும் வைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த பெயர் மாற்றம் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

தெருப் பெயரை மாற்றினால் அஞ்சலகத்துக்கும் மக்களுக்கும் குழப்பம் வரும், ஊரின் வரலாற்று உணர்வும் போய்விடும் என்று மத்திய உள்துறை 1975இல் டெல்லிக்காக ஒரு நெறிமுறையே வகுத்தது. அதே டெல்லியில்தான் 2015இல் ஔரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது. ராமேசுவரத்தில் பிறந்த ஒருவரின் பெயர் தலைநகரின் ஒரு முக்கியச் சாலைக்கு வந்தது பெருமைதான். அதற்குப் புதிய சாலை ஒன்றைத் தேர்ந்திருக்கலாமே என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. பெயர் இல்லாத சாலைகளுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை.

தமிழ்நாட்டுத் தெருப் பெயர்களின் மிகக் கூர்மையான கேள்வி சாதி. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்க ஆணையிட்டது. ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெரு தம்பு தெரு ஆனது, லிங்கி செட்டித் தெரு லிங்கி தெரு ஆனது. தி.நகரில் ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் டி.எம்.நாயர் பெயரில் இருந்த டாக்டர் நாயர் சாலையில் 'நாயர்' உதிர்ந்து 'டாக்டர் சாலை' மட்டும் மிஞ்சியது என்று நகர வரலாற்றாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிராமணரல்லாதார் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயரே அவருடைய தெருவிலிருந்து போனது. பட்டங்களை நீக்கும் ஆணையை வரி வரியாக நிறைவேற்றியவர்கள், யார் பெயரில் கைவைக்கிறோம் என்று பார்க்கவில்லை. பலகைகளில் பட்டம் போனது. ஆனால் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள வழக்கறிஞர் அலுவலகங்களின் முகவரிகளில் தம்பு செட்டியும் லிங்கி செட்டியும் இன்றும் முழுப் பெயரோடு இருக்கிறார்கள்.

2025இல் கேள்வி வேறு வடிவில் வந்தது. 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று ஏப்ரல் இறுதியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்கும் நடைமுறைகளோடு அரசாணை வந்தது. கிராமசபைகளில் இது விவாதத்துக்கு வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் தொடரப்பட்டது. அதே மாதம் கோவை அவினாசி சாலையின் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட, பட்டத்தை வைத்துக்கொள்வதா என்ற வாதமும் கூடவே எழுந்தது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. மறைந்த ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கிடக்கும் பட்டம் ஒரு வகை. அதனால் தெருவில் குடியிருப்பவர் யார் என்பது வெளியே தெரிவதில்லை. தம்பு செட்டித் தெருவில் இருப்பவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். ஆனால் 'அரிசன காலனி', 'ஆதிதிராவிடர் தெரு' என்று ஒருவரின் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இருந்தால், அது உயிரோடு இருப்பவரின் சாதியை அவர் கேட்காமலே அறிவிக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், நகரத்தில் வாடகை வீடு தேடும் பெண், கல்லூரியில் சேரும் முதல் தலைமுறை மாணவர், இவர்கள் ஒவ்வொரு படிவத்திலும் தம் சாதியைத் தாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னது நினைவைப் பற்றிய விவாதம், நிதானமாக நடக்கலாம். பின்னது அன்றாடத் தீங்கு. உள்ளாட்சியின் ஏட்டில் இருக்கும் பெயரே அந்தத் தீங்கைச் செய்கிறது என்பதால், அதைக் களைவதற்கு அங்கே குடியிருப்பவர்களின் விருப்பம் போதுமானதாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர்களின் சம்மதத்துக்காக அது காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் பெயரின் அரசியல் முகவரியின் நிர்வாகத்தைத் தொடுகிறது. தெருவின் பெயரை மாற்றிவிட்டு, ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எல்லாவற்றையும் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டால், மாற்றத்தின் செலவை யார் சுமப்பார்? யாருடைய நன்மைக்காக மாற்றப்பட்டதோ அவர்களேதான். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இ-சேவை மையத்தில் ஒரு நாள் நிற்பது ஒரு நாள் கூலி.

சென்னையில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது இன்னொரு சிக்கல். 2011இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. அந்த 42 உள்ளாட்சிகளில் பலவற்றிலும் காந்தி தெரு இருந்தது, காமராஜர் தெரு இருந்தது, பாரதியார் தெரு இருந்தது. தனித்தனி ஊர்களாக இருந்தவரை அதில் தவறில்லை. ஒரே மாநகராட்சியான பிறகு, பகுதிப் பெயரும் அஞ்சல் எண்ணும் சேராமல் தெருப் பெயருக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. மனைப் பிரிவுகளும் இதைப் பெருக்குகின்றன. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது உள் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சாலை அரசுக்கு வருகிறது. ஆனால் மனை விற்றவர் வரைபடத்தில் போட்ட 'முதல் பிரதான சாலை', 'இரண்டாவது குறுக்குத் தெரு' என்ற பெயர்களும் அப்படியே சேர்ந்து வந்துவிடுகின்றன. அடுத்த நகரிலும் அதே முதல் பிரதான சாலை, அதே இரண்டாவது குறுக்குத் தெரு.

முகவரியைத் திட்டமிட்டு அமைக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மதுரையைப் பார்த்தால் போதும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே ஆடி வீதிகள், மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. மேல மாசி வீதி என்று சொன்னதும் கோயிலிலிருந்து எந்தத் திசையில், எத்தனையாவது சுற்றில் என்பது விளங்கிவிடும். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான புதிய சுற்றும் வெளி வீதி என்ற பெயரோடு அதே இலக்கணத்தில் பொருந்திக்கொண்டது. அந்த வேலையில் அவருக்கு உதவிய மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயர்களும் தெருக்களாக நிலைத்தன. ஆட்சியாளரின் புகழுக்கு இல்லாமல் வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த தெருக்கள் அவை.

எண்களுக்கும் இப்படி ஓர் இலக்கணம் சாத்தியம். பாரிஸ் நகரம் 1805இல் ஒரே ஆணையில் அதைச் செய்தது. சேன் ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில் எண்கள் நீரோட்டத்தின் திசையில் ஏறும். ஆற்றை விட்டு விலகும் தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கும். ஒருபுறம் ஒற்றைப்படை, மறுபுறம் இரட்டைப்படை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்த முறை நிற்கிறது. நம் ஊர்களில் பல தெருக்களில் எண்கள் ஒரு சாரியில் கடைசி வரை போய், மறு சாரியில் திரும்பி வருகின்றன. ஒன்றாம் எண்ணுக்கு நேர் எதிரே கடைசி எண். தெரு நீண்டால் வரிசை உடைகிறது. வீடு பாகம் பிரிந்தால் 12 என்பது 12/1, 12/2 ஆகிறது. அதில் ஒன்று அடுக்குமாடியானால் 12/2ஏ. பிறகு ஒருநாள் மாநகராட்சி முழுத் தெருவுக்கும் புது எண் போடுகிறது. பழையதை யாரும் விடுவதில்லை.

விடாமல் இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய கதவு எண் இருக்கும். நிலத்துக்குச் சர்வே எண் தனி, வரிவிதிப்பு எண் தனி, மின் இணைப்பு எண் தனி. பத்திரம் எழுதுகிறவர்கள் இவற்றில் எதையும் தனியாக நம்பாமல், கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு என்று நான்கு எல்லையையும் இன்றும் எழுதுகிறார்கள். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக இருக்கிறது. சென்னையில் சொத்து வரியின் அடிப்படை மதிப்பும் தெருவைப் பொறுத்தது. தெருப் பெயர் எந்த ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது நேரடியாகப் பணத்தைத் தொடும் கேள்வி.

எண் மாற்றத்தை வலியில்லாமல் செய்த ஓர் உதாரணம் நம் கண்முன்னே இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தபோது, அதற்கு முன் சென்னையில் புழங்கிய அஞ்சல் மண்டல எண்களை அஞ்சல் துறை தூக்கி எறியவில்லை. மயிலாப்பூரின் 'மெட்ராஸ்-4' 600004 ஆனது. தியாகராய நகரின் 'மெட்ராஸ்-17' 600017 ஆனது. பழைய எண் தெரிந்தவருக்குப் புதிய எண் தானாகத் தெரிந்தது. கதவு எண்களை மாற்றிய உள்ளாட்சிகள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டு எண்களைச் சுமக்கும் முகவரி ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும்.

எண்ணே இல்லாத வீடுகளின் நிலை இதைவிட மோசம். 2025இல் வாக்காளர் பட்டியல்களில் 'வீட்டு எண் 0' என்று இருந்தது பெரும் சர்ச்சையானது. பல ஊராட்சிகளும் நகராட்சிகளும் வீடுகளுக்கு எண்ணே கொடுக்கவில்லை, அப்படிப்பட்ட இடங்களில் ஒப்புக்கு ஓர் எண் இடப்படுகிறது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் ஆகஸ்டில் விளக்கம் சொன்னார். பட்டியல் சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். உள்ளாட்சி தன் கடமையைச் செய்யாத இடத்தில், குடிமகனின் வாக்குரிமையே ஐயத்துக்கு ஆளாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாம்பு கடித்தவருக்காக நள்ளிரவில் 108ஐ அழைக்கும் குடும்பமும் இதே குறையைத்தான் சந்திக்கிறது. ஓட்டுநருக்குச் சொல்ல அவர்களிடம் எண் இல்லை. ஆலமரமும் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியும்தான் அடையாளம்.

சிங்கப்பூரில் இதற்கான விதிகள் ஒழுங்காக உள்ளன. பெருமாள் சாலையும் வீராசாமி சாலையும் அங்கே வரைபடத்தில் இருப்பதால் தமிழர்களுக்கு அந்த ஊர் அந்நியமுமல்ல. ஏற்கெனவே உள்ள பெயரைப் போல ஒலிக்கும் பெயரைப் புதிய தெருவுக்கு அங்கே அனுமதிப்பதில்லை. வீட்டு எண்ணைச் சொத்து வரி வாங்கும் துறையே வழங்குகிறது. 1995இலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனி ஆறு இலக்க அஞ்சல் எண். சிறிய நாடு, வலுவான நிர்வாகம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பெயர் திரும்ப வரக் கூடாது என்ற விதிக்குப் பெரும் பணம் தேவையில்லை. தீர்மானம் எழுதுவதற்கு முன் ஒரு பட்டியலைப் பார்த்தால் போதும். பெயர் மாற்றத் தீர்மானத்திலேயே, பழைய பெயரும் எண்ணும் புதிய பெயரும் எண்ணும் ஒரே வரியில் நிற்கும் இணைப்புப் பட்டியல் கட்டாயம் என்று விதி செய்யலாம். அந்தப் பட்டியலைப் பதிவுத் துறை, மின் வாரியம், தேர்தல் அலுவலகம், உணவு வழங்கல் துறை எல்லாவற்றுக்கும் மன்றமே அனுப்ப வேண்டும், குடியிருப்பவர் ஒரு விண்ணப்பமும் எழுத வேண்டியதில்லை என்றும் சேர்க்கலாம். 2023இல் புதிய சட்டமும் விதிகளும் வந்துவிட்ட நிலையில் இதற்கு இது நல்ல தருணம்.

இனி இதெல்லாம் தேவையில்லை, கைபேசியே வழிகாட்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய இந்த முறை, நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. எண்ணில்லாத குடிசைக்கும் ஓர் அடையாளம் கிடைக்கிறது என்பது பெரிய விஷயம், மலைக் கிராமங்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் அந்தக் கட்டம் தரையை மட்டுமே அறியும். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் அது ஒரே குறியீட்டைத்தான் தரும். எந்த மாடி, எந்தக் கதவு என்பதை எழுதிவைக்க வேண்டியவர் இப்போதும் மாநகராட்சி ஆணையர்தான்.